நெல் கட்டும் செவலா, நெல் கட்டான் செவலா? ஓர் ஊர்ப் பெயரில் அடங்கிய சங்கரன்கோவில் சீமையின் கதை!

சங்கரன்கோவிலில் இருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் ஒரு சிற்றூர் வரும். அரசுப் பதிவுகளில் அதன் பெயர் நெற்கட்டும்செவல். அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பலர் ‘நெற்கட்டான்செவல்’ என்பார்கள். ‘செவல்’ என்றால் செம்மண் நிலம். நெல்லை வரியாகக் கட்டுகிற செம்மண் ஊர் என்பது முதல் பெயருக்குப் பொருள். கட்ட மாட்டேன் என்று சொன்ன ஊர் என்பது இரண்டாவதற்குப் பொருள்.

வரி கேட்டு வந்தவர்களிடம் பாளையக்காரர் பூலித்தேவர் ‘ஒரு மணி நெல்கூடக் கிடையாது’ என்று மறுத்துவிட்டார், அதற்குப் பிறகுதான் ‘கட்டும்’ என்பது ‘கட்டான்’ ஆனது என்று ஊர் வழக்கு சொல்கிறது. வழக்கு எப்போது பிறந்திருந்தாலும், 250 ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சீமையில் நடந்த அத்தனை சண்டைக்கும் காரணம் அந்த ஒற்றைக் கேள்விதான். இந்த மண்ணில் விளைவதை அளந்து வாங்கும் உரிமை யாருக்கு?

ஆறு எட்டாத வடபகுதி

நெல்லைச் சீமை என்றதும் தாமிரபரணியும் முப்போக நெல்லும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆற்றுப் பாசனம் சங்கரன்கோவில் பக்கம் எட்டாது. இது சீமையின் வடபகுதி. மேற்கே மலைத் தொடர், அதன் அடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுத்தான் மேகம் இங்கே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகினால் நெல். இல்லாவிட்டால் கம்பு, சோளம், பருத்தி. நிட்சேப நதி போன்ற காட்டாறுகள் மழைக்கு ஓடி, வெயிலுக்கு வற்றிவிடும்.

இங்கே குடியேறியவர்களுக்கு முதல் வேலை காடு திருத்துவது. அடுத்த வேலை குளம் வெட்டுவது. சங்கரநாராயணர் கோயிலின் தலபுராணக் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. புன்னை வனத்தைக் காவல் காத்த ஒரு காவலாளி புற்றை வெட்டும்போது நாகமும் லிங்கமும் தெரிய, செய்தி உக்கிரபாண்டிய மன்னருக்குப் போய், அவர் காட்டைத் திருத்திக் கோயில் எழுப்பினார் என்பது அந்தக் கதை. இன்றும் பக்தர்கள் பிரசாதமாக எடுத்துச் செல்வது புற்றுமண்தான்.

சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைப் படித்தாலே குடியேற்றத்தின் அடுக்குகள் தெரியும். கரிவலம்வந்தநல்லூர், வாசுதேவநல்லூர், மேலநீலிதநல்லூர் என்று ‘நல்லூர்’ சேர்ந்தவை ஒரு வகை. களப்பாகுளம், சென்னிகுளம், குருவிகுளம் என நீர்நிலையால் பெயர் பெற்றவை இன்னொரு வகை. தலைவன்கோட்டை போன்ற பெயர்கள் கோட்டையும் காவலும் இருந்த காலத்தைச் சொல்கின்றன.

மதுரையை இழந்த பிறகு பாண்டியர் மரபினர் தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தப் பக்கம்தான் ஒதுங்கினார்கள். கரிவலம்வந்தநல்லூரோடு சேர்த்துப் பேசப்படும் வரதுங்கராம பாண்டியன் அந்தக் கடைசிக் கால மரபைச் சேர்ந்தவர்.

72 பாளையங்கள்

16-ம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி வந்தது. 1529-ல் ஆட்சிக்கு வந்த விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வரலாற்று நூல்கள் சொல்லும் செய்தி. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று பொறுப்பு.

பாளையக்காரர் தன் எல்லைக்குள் வரி வாங்குவார், வழக்குத் தீர்ப்பார், படை வைத்திருப்பார். வசூலில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மீதி தனக்கு. இதுதான் பொதுவான கணக்கு.

நெல்லைச் சீமையில் பாளையங்கள் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பேசப்பட்டன. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் போன்ற கிழக்குப் பாளையங்கள் கரிசல் நிலத்தில் இருந்தன. விஜயநகர, நாயக்கர் காலத்தில் வடக்கிலிருந்து வந்து குடியேறிய தெலுங்கு பேசும் நாயக்கர்கள் அவற்றை ஆண்டார்கள். ஊத்துமலை, தலைவன்கோட்டை, நடுவக்குறிச்சி, சிங்கம்பட்டி, சேத்தூர் போன்ற மேற்குப் பாளையங்கள் மலையடிவாரத்தை ஒட்டியவை. அவை மறவர் பாளையங்கள். பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் அந்த வரிசையில்தான் வரும்.

வரிக்கு மேலே இன்னொரு வசூலும் இருந்தது. ஊரையும் வயலையும் கால்நடையையும் காப்பதற்காக ஊர்மக்கள் கொடுத்த காவல் கூலி அது. ஓர் ஊருக்கு மட்டும் என்றால் தலக்காவல், ஒரு வட்டாரத்துக்கே என்றால் திசைக்காவல். களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது முறை. நல்ல பாளையக்காரர் வாய்த்தால் அது பாதுகாப்பு, மோசமானவர் வாய்த்தால் அதுவும் ஒரு சுமை. இரண்டிலும் நெல்லை அளந்து கொடுத்தவர் உழவர்தான்.

கடனை அடைக்க வந்த படை

1736-ல் ராணி மீனாட்சியோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. ஆற்காடு நவாப், ‘இனி பாளையங்களின் வரி எனக்கு’ என்றார். நாயக்கருக்குக் கட்டியவர்கள் நவாபுக்குக் கட்டத் தயாராக இல்லை.

நவாப் முகமது அலிக்கோ பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. பதவிக்காக நடந்த போர்களில் அவருக்குப் படை கொடுத்து உதவியது ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி. அந்தச் செலவெல்லாம் கடனாக ஏறியிருந்தது. கடனை அடைக்க வழி, தெற்கே பாளையங்களில் நிலுவையில் இருந்த வரி. வசூலிக்கக் கம்பெனியின் படையே கிளம்பியது. சங்கரன்கோவில் சீமைக்குள் வெள்ளைக்காரப் படை முதன்முதலில் நுழைந்தது இப்படித்தான்.

1755-ல் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கம்பெனியின் கர்னல் ஹெரானும் புறப்பட்டார்கள். மதுரை எளிதாகக் கைக்கு வந்தது. நெற்கட்டும்செவல் வரவில்லை. கோட்டையைத் தகர்க்கப் போதிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. உணவு குறைந்தது, வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி. முற்றுகையைக் கைவிட்டு அவர் மதுரைக்குத் திரும்பினார். பிறகு கம்பெனி அவரைத் திருப்பி அழைத்துப் பணியிலிருந்தே நீக்கியது.

கம்பெனியின் ஆதிக்கத்துக்குத் தொடக்கம் என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும் வங்காளத்துப் பிளாசிப் போர் நடந்தது 1757-ல். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செம்மண் கோட்டை ஒரு கம்பெனிப் படையைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

அந்தக் காலப் போர்களை எழுதிய ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இந்த ஊரைக் குறிப்பிடுகிறார். ஆனால் ‘நெல்லிடாங்கவில்’ என்பதுபோல ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கிறது பெயர். அதைப் படிக்கிறவருக்கு நெல்லும் தெரியாது, கட்டுவதும் கட்டாததும் தெரியாது.

கூட்டணியும் பிளவும்

பூலித்தேவர் தனியாக நிற்கவில்லை. மேற்குப் பாளையங்களை ஒரு கூட்டாகச் சேர்த்தார். சிவகிரி நீங்கலாக மறவர் பாளையங்கள் பெரும்பாலும் அவரோடு நின்றன. திருவிதாங்கூரின் ஆதரவும் கிடைத்தது. களக்காட்டுப் பக்கம் நடந்த போரில் திருவிதாங்கூர் வீரர்கள் 2,000 பேர் சேர்ந்துகொள்ள, மாபூஸ்கானின் படை தோற்றது. பிற்பாடு தம்பியோடு முரண்பட்ட மாபூஸ்கானே பூலித்தேவர் பக்கம் சாய்ந்தார். ஹைதர் அலியிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் பூலித்தேவர் உதவி கேட்டார். மராட்டியரோடு மோதிக்கொண்டிருந்த ஹைதரால் வர இயலவில்லை.

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அந்தக் கூட்டில் இல்லை. ராமநாதபுரம், புதுக்கோட்டை அரசுகளின் உதவி ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. 44 ஆண்டுகளுக்குப் பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மன் கம்பெனியோடு மோதியபோது, அவருக்கு எதிராகவும் அக்கம்பக்கத்துப் பாளையங்கள் நின்றன. ‘வரி யாருக்கு’ என்ற கேள்வியில் ஒன்றுபட்டிருக்க வேண்டியவர்கள், ‘எல்லை யாருக்கு’ என்ற கேள்வியில் பிரிந்தார்கள். கம்பெனிக்கு அதுவே பெரிய பலம்.

பூலித்தேவரின் படையில் பல சமூகத்தினரும் இருந்தார்கள். அருந்ததியர் சமூகத்தில் பிறந்த ஒண்டிவீரன் அவருடைய தளபதி. தனி ஆளாக எதிரி முகாமுக்குள் புகுந்து வந்தவர் என்று அவரைப் பற்றிய கதைகள் வாய்வழியாகவே தலைமுறைகளைக் கடந்தன. இன்னொரு தளபதி வெண்ணிக்காலாடி. போரில் குடல் சரிந்த நிலையிலும் தலைப்பாகையால் வயிற்றைக் கட்டிக்கொண்டு சண்டையிட்டார் என்பது அவர் கதை. கம்பெனிக் கடிதங்கள் பாளையக்காரர்களின் பெயரையாவது எழுதின. இவர்களைச் சொந்த மக்களின் பாட்டும் பேச்சும்தான் காப்பாற்றி வைத்திருந்தன.

மண் கோட்டையும் பெரிய பீரங்கியும்

ஹெரானுக்குப் பிறகு கம்பெனி அனுப்பியவர் ஒரு தமிழர். ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்து, மருதநாயகம் என்ற பெயரோடு வளர்ந்து, இஸ்லாத்தைத் தழுவி, கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தலைமை ஏற்ற யூசுப்கான்.

1758 இறுதியில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டையைக் காக்க யூசுப்கான் வடக்கே போக வேண்டியிருந்தது. பாளையங்களுக்கு அது மூச்சுவிடக் கிடைத்த காலம். 1759-ல் திரும்பி வந்தவர் முதலில் திருவிதாங்கூரோடு உடன்பாடு செய்து, பூலித்தேவரின் முக்கியத் துணையைப் பிரித்தார். பிறகு திருச்சியிலிருந்து பெரிய பீரங்கிகள் வரும்வரை காத்திருந்தார்.

இந்தக் கோட்டைகள் கருங்கல் கோட்டைகள் அல்ல. குழைத்த மண்ணால் ஆன சுவர்கள், சுற்றிலும் முள்வேலிக் காடு. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சுவர் சிதறும். மண் சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். உடைந்த இடத்தைப் பனைமரத்தாலும் வைக்கோலாலும் மண்ணாலும் இரவோடு இரவாக அடைத்துவிடலாம். ஊரில் கிடைக்கும் பொருளால் கட்டிய கோட்டையை ஊர்க்காரர்களே செப்பனிட முடிந்தது. வந்த படைகள் திணறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பெரிய பீரங்கிகள் வந்த பிறகு நிலைமை மாறியது. சுமார் 2 மாதத் தாக்குதலுக்குப் பின், 1761 மே 16-ல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின. இங்கே சொல்லப்படும் பனையூர், அவர் பிறந்த ஊர் அல்ல. சங்கரன்கோவில் பக்கத்துப் பனையூர்.

வென்றவருக்கும் அது நிலைக்கவில்லை. நவாபோடும் கம்பெனியோடும் பகைத்துக்கொண்ட யூசுப்கான், 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில் பூலித்தேவர் திரும்பி வந்து நெற்கட்டும்செவலை மீட்டார். 1767-ல் கேம்ப்பெல் என்ற கம்பெனி அதிகாரியின் படை மீண்டும் தாக்கியது. அதன் பிறகு பூலித்தேவர் கோட்டைக்குத் திரும்பவில்லை.

ஏடு முடிந்த இடத்தில் ஒரு சந்நிதி

தப்பிச் சென்ற பூலித்தேவர் தலைமறைவாக இருந்தே மறைந்தார் என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் முடிக்கின்றன. மக்கள் அந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர்கள் சொல்லும் கதை வேறு. பிடிபட்டு விலங்கோடு அழைத்துச் செல்லப்பட்டபோது, சங்கரன்கோவில் கோமதி அம்மனை வணங்கிவிட்டு வருகிறேன் என்று கேட்டார். சந்நிதியில் அவர் கண்மூடி நிற்க, விலங்குகள் தெறித்து விழுந்தன. ஒளி தோன்றியது. அதற்குள் கலந்து மறைந்தார். கோயிலுக்குள் அவர் பெயரால் அழைக்கப்படும் ஓர் அறையை இன்றும் காட்டுகிறார்கள்.

இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் கதை ஏன் இந்த இடத்தில் முடிகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். கோட்டைகள் பாளையத்துக்குப் பாளையம் வேறு. சங்கரன்கோவில் எல்லாப் பாளையத்து மக்களும் ஆடித்தபசுக்குக் கூடுகிற பொது இடம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டையிட்ட சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்காக, இருவரும் ஒரே உருவமாகக் காட்சி தந்த தலம் அது. தோற்றுப்போன ஒருவரைப் பிடித்தவர்களிடம் ஒப்படைக்க மனமில்லாத மக்கள், தங்கள் எல்லோருக்கும் பொதுவான அந்தச் சந்நிதியில் ஒப்படைத்தார்கள்.

இடித்த பிறகு எழுதிய கணக்கு

அடுத்த 30 ஆண்டுகளில் கம்பெனி, நவாபை ஓரங்கட்டியது. 1783-ல் கர்னல் ஃபுல்லார்ட்டனின் படை பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் தாக்கியது. ஒரு காலத்தில் கூட்டணியில் சேராமல் ஒதுங்கி நின்ற சிவகிரிக்கும் கடைசியில் அதே பீரங்கிதான். 1792 ஒப்பந்தத்தில் பாளையங்களின் கப்பத்தை நேரடியாக வாங்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. 1799-ல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கையோடு, கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது. 1801 ஜூலை 31-ல் நவாபோடு செய்த ஒப்பந்தத்தால் கர்நாடகத்தின் முழு நிர்வாகமும் கம்பெனி கைக்குப் போனது.

திசைக்காவல் வசூலையும் பாளையக்காரர்களிடமிருந்து கம்பெனி எடுத்துக்கொண்டது. 1803-ல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. படை கிடையாது, வழக்குத் தீர்க்கும் அதிகாரம் கிடையாது. குறித்த தொகையைக் குறித்த நாளில் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ஜமீனே ஏலத்துக்குப் போகலாம். சிவகிரி, ஊத்துமலை, எட்டயபுரம் ஆகியவை இப்படித்தான் ஜமீன்களாகத் தொடர்ந்தன. மற்ற இடங்களில் கலெக்டர், தாசில்தார், கணக்குப்பிள்ளை என்ற புதிய அடுக்கு வந்தது.

வாளைப் பறித்த பிறகு ஜமீன்களுக்குக் கௌரவம் காட்டக் கோயில் திருவிழாவும் கலையும் மிஞ்சின. சங்கரன்கோவில் அருகே சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியதும், ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்ததும் அந்தக் காலத்தில்தான். தெலுங்கு மரபில் வந்த கவிஞரை மறவர் ஜமீன் ஆதரிக்க, பிறந்தது தமிழின் இனிய சந்தங்களில் ஒன்று. பல திசைகளிலிருந்து வந்து குடியேறிய மண்ணுக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

1881-ல் கால்டுவெல் நெல்லைச் சீமையின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். பாளையக்காரர்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் கணிசமான பகுதி அந்த நூலிலிருந்தும் கம்பெனிக் கடிதங்களிலிருந்தும் வந்தது. பயனுள்ளவைதான். ஆனால் அவை வரி கேட்டவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. அவற்றில் பாளையக்காரர் என்றால் ‘அடங்காதவர்’. யாருக்கு, எதற்காக அடங்க வேண்டும் என்ற கேள்வி அந்தக் கடிதங்களில் எழுவதே இல்லை.

1948-ல் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன்களின் காலம் முடியத் தொடங்கியது. உழவர் தன் வரியை இடைத்தரகர் இல்லாமல் அரசிடம் நேரடியாகக் கட்டும் முறை இந்தப் பக்கம் முழுமையாக வந்து சேர, பூலித்தேவர் மறுத்ததிலிருந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இன்று என்ன மிச்சம்?

நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு அரசு நினைவு மாளிகை எழுப்பியிருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 1-ல் அங்கே அரசு விழா நடக்கிறது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 2022-ல் அவருக்கு அஞ்சல் தலையும் வெளிவந்தது. நெல்லை மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவில், 2019-ல் உருவான தென்காசி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒரு காலத்தில் ‘வடபகுதி’ என்று ஓரத்தில் இருந்த வட்டாரத்துக்கு இப்போது தலைநகரம் சற்றே பக்கத்தில் இருக்கிறது.

மண் கோட்டைகள் மண்ணோடு கலந்துவிட்டன. அந்த மேடுகளைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறலாம். கேட்டுப் பார்த்தால் கிடைப்பது பெயர்கள்தான். எந்தக் குளம் யார் வெட்டியது, எந்தத் தெருவுக்குக் ‘கோட்டைத் தெரு’ என்று பெயர், ஊர் எல்லைச் சாமி எந்தச் சண்டையில் இறந்தவர் என்பதெல்லாம் எழுதி வைக்கப்படாமல் பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகிறவர்கள் மாவிளக்கு ஏற்றி, புற்றுமண் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, கூட வரும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தங்கள் ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு, கையிலிருக்கும் போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். ‘கட்டும்’ என்று அரசு ஏடு எழுதிய பிறகும் ‘கட்டான்’ என்ற சொல் பிழைத்திருப்பது, யாரோ ஒருவர் அதைப் பேரப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்ததால்தான்.